குழந்தைகளின் தாடை அகலமும் ஊடுகதிர்ப் படமும்

முகத்தின் எலும்புகள் அகலம், நீளம், உயரம் என மூன்று திசைகளிலும் வளர்கின்றன. இம்மூன்றும் ஒரே காலத்தில் நிறைவடைவதில்லை. அகலமே முதலில் முடிகிறது. நீளமும் உயரமும் பின்னர். தாடைகளின் அகல வளர்ச்சியில் பெரும்பகுதி குமரப் பருவத்தின் விரைந்த வளர்ச்சிக்கு முன்பே முடிந்துவிடுவதால், குறுகிய தாடையைத் திருத்துவதற்குக் கிடைக்கும் காலமும் சிறிதே.

திருவனந்தபுரத்தில் மருத்துவக் கல்லூரி வளாகத்தை ஒட்டி, 1959-இல் தொடங்கப்பட்ட அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. இத்தகைய கல்லூரிகளின் பற்சீரமைப்புப் பிரிவுகளுக்குப் பெற்றோர் பெரும்பாலும் எப்போது வருகின்றனர்? முன்பற்கள் கோணலாகத் தோன்றி, பிள்ளை கண்ணாடி பார்க்கத் தொடங்கும் வயதில். அதற்குள் அகலத்தின் காலம் ஏறக்குறைய கடந்திருக்கும்.

மேல்தாடை இரு பாதிகளால் ஆனது. அண்ணத்தின் நடுவே அவை இணையும் கோட்டில் புதிய எலும்பு சேர்வதால் தாடை விரிகிறது. கீழ்த்தாடையின் கதை வேறு. அதன் இரு பாதிகளும் முதல் பிறந்தநாளை ஒட்டி முகவாய்க்கட்டையில் ஒன்றாகிவிடுகின்றன. அதன்பின் அது பின்புறமாக நீளும்போதே அகலமும் பெறுகிறது. கவட்டையின் கைகள் நீள நீள அவற்றின் முனைகள் விலகுவது போல. முன்பகுதியில் கோரைப்பற்களுக்கு இடைப்பட்ட அகலம், நிலையான கோரைப்பற்கள் முளைத்த பிறகு கூடுவதில்லை. சிறிது குறைவதும் உண்டு. "வளர வளர இடம் கிடைத்துவிடும்" என்று காத்திருப்பது இவ்விடத்தில் பயன் தராது.

இவையனைத்தும் எவ்வாறு அறியப்பட்டன? 1895-இல் ராண்ட்ஜன் ஊடுகதிரைக் கண்டறிந்தார். 1931-இல் அமெரிக்காவில் பிராட்பெண்டும் ஜெர்மனியில் ஹோஃப்ராத்தும் தலையை அசையாமல் நிறுத்திப் படமெடுக்கும் முறையை வகுத்தனர். ஆண்டுதோறும் அதே நிலையில் எடுத்த படங்களை ஒப்பிடுவது அதனால் இயன்றது. ஆயினும் பெரிதும் பயன்பட்டது பக்கவாட்டுப் படமே. அதில் அகலம் தெரியாது. முன்புறப் படத்தில் தெரியும். ஆனால் எலும்புகளின் நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும். கோபன்ஹேகனில் பியர்க் என்பவர் சிறுவர்களின் தாடை எலும்பில் நுண்ணிய உலோக ஊசிகளை அடையாளமாகப் பதித்து, அவை விலகுவதை அளந்தார். மேல்தாடை முன்புறத்தைவிடப் பின்புறத்தில் மிகுதியாக விரிவது அதனால் புலனாயிற்று.

நலமுள்ள குழந்தைகளிடம் இத்தகைய ஆய்வை இன்று எந்த அறநெறிக் குழுவும் அனுமதிக்காது, அதுவே முறையும்கூட. 1990-களின் இறுதியில் வந்த கூம்புக்கதிர்க் கணினிப் படம் முப்பரிமாண உருவைத் தருகிறது. அண்ணத்தின் நடுக்கோடு முதிர்வதை ஐந்து நிலைகளாகப் பிரித்தறியும் முறை 2013-இல் வெளியானது. இப்போதைய ஆய்வாளர்கள் பெரும்பாலும் வேறு சிகிச்சைக்காக முன்பே எடுக்கப்பட்ட படங்களிலிருந்தே அளக்கின்றனர். இதில் ஒரு குறை உண்டு. மருத்துவமனைக்கு வந்த பிள்ளைகளின் அளவு, ஊர்ப் பிள்ளைகள் அனைவரின் அளவாகாது. கிளீவ்லாந்து நகரக் குழந்தைகளின் அளவுகளை நம் குழந்தைகள்மீது அப்படியே பொருத்துவதும் சரியன்று.

நடுக்கோடு இறுகுமுன், பற்களில் பொருத்திய திருகு விரிப்பானால் அண்ணத்தை அகலமாக்கலாம். தாயோ தந்தையோ வீட்டிலேயே சாவியால் திருப்பலாம். ஒரு திருப்புக்குக் கால் மில்லிமீட்டர் அளவில் விரியும். முன்பற்களிடையே தற்காலிகமாக ஓர் இடைவெளி தோன்றும். அது கண்டு அஞ்ச வேண்டியதில்லை, எலும்பு பிரிந்ததற்கு அதுவே அடையாளம். புதிய எலும்பு நிரம்பும்வரை கருவியைச் சில மாதங்கள் கழற்றுவதில்லை. நடுக்கோடு இறுகிவிட்ட பெரியவர்களுக்கோ இதே பயனைப் பெறப் பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படும். செலவில் உள்ள வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

இதற்காக எல்லாக் குழந்தைகளையும் படமெடுக்க வேண்டுமா? கூடாது. வளரும் உடல் கதிர்வீச்சால் எளிதில் பாதிக்கப்படும். கணினிப் படத்தின் கதிரளவு சாதாரணப் பல் படத்தைவிட மிகுதி. 1983-இல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகள் பல் மருத்துவ ஊடுகதிர்க் கருவிகளுக்கும் பொருந்துவதன் காரணம் இதுவே.

முதற்சோதனைக்குக் கண்ணும் ஒரு நாக்கழுத்தியும் போதும். பிள்ளையைப் பின்பற்களால் கடிக்கச் செய்து கன்னத்தை விலக்கிப் பார்க்க வேண்டும். மேற்பற்கள் கீழ்ப்பற்களுக்கு வெளியே அமைய வேண்டும். ஒரு பக்கம் உள்ளே விழுந்தாலோ, வாய் மூடும்போது தாடை ஒருபுறம் சாய்ந்தாலோ ஐயத்திற்கு இடமுண்டு. விரல் சூப்பும் பழக்கத்தையும் வாயால் மூச்சு விடுவதையும் உடன் விசாரிக்க வேண்டும். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் பள்ளிகளுக்குச் சென்று பல் நோய்களையும் பார்க்கின்றன. மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொத்தைப் பல்லை எண்ணும்போதே இதையும் பார்த்துவிடலாம். ஐயம் எழுந்த சிலரை மட்டும் பல் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினால், படம் தேவையா என்பதை அங்குள்ளவர்கள் முடிவு செய்வர்.