அரைவேக்காட்டிலேயே காட்டிவிடுங்கள்

உடுப்புத் தைத்து, நோட்டீஸ் அடித்து, மேடையும் போட்ட பிறகு நாடகத்தில் குறை சொல்லி யாருக்கு லாபம்? பாதி உருவான நிலையிலேயே நாலு பேரைக் கூட்டிக் காட்டிவிட வேண்டும். இது ஒன்றும் புதுப் பழக்கமல்ல. மட்டக்களப்புக் கூத்தில் சட்டம் (ஆடுபவரின் பாட்டுப் பிரதி) கொடுத்து, பழகி, சதங்கை அணிந்து, அடுக்கு (முழு ஒத்திகை) பார்த்த பிறகுதான் அரங்கேற்றம். இடையிலேயே ஊர் பார்த்துவிடும், வாயும் திறக்கும். இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் காமன் கூத்து ஆடுபவர்களும், புதிதாக நாடகமோ நடனமோ அமைக்கும் பிள்ளைகளும் இதையே கொஞ்சம் ஒழுங்குபடுத்திச் செய்யலாம்.

முதலில், எதைக் காட்டுவது என்று முடிவு செய்யுங்கள். முழுவதும் வேண்டாம், இருபது நிமிடம் போதும். நன்றாக வந்த காட்சியைக் காட்டிக் கைதட்டு வாங்க எல்லோருக்கும் ஆசைதான். ஆனால் சந்தேகம் உள்ள காட்சியைத்தான் காட்ட வேண்டும். காமன் கூத்து என்றால், ரதி புலம்பும் இடம் நீளுகிறதா, தட்சன் பேசுவது கடைசி வரிசைக்குக் கேட்கிறதா என்று இரண்டு மூன்று கேள்விகளை முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். வேஷம், ஒப்பனை எதுவும் வேண்டாம். உடுப்பு மினுங்கினால் ஆட்டத்தின் தவறு கண்ணில் படாது.

அடுத்தது நாள். றப்பர் தோட்டத்தில் விடியற்காலையில் பால் வெட்டப் போனவர்களுக்குப் பிற்பகலில் ஓய்வு கிடைக்கும். கொழுந்து எடுப்பவர்கள் மாலை நிறுவை முடிந்து, வீட்டு வேலையும் பார்த்துவிட்டுத்தான் வர முடியும். இரண்டு வேலையும் உள்ள தோட்டத்தில் பகல் மூன்று மணிக்கு வைத்தால் பெண்கள் பலர் வரமாட்டார்கள். அவர்கள் இல்லாத முன்னோட்டத்தால் பயனில்லை. போயா நாள் மாலைதான் எல்லோருக்கும் தோது. லீவு, திரும்பிப் போக நிலா வெளிச்சமும் உண்டு. மாதம் என்றால் தை, மாசி. மே தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை இந்தப் பக்கத்தை விடாது. தகரக் கூரையில் மழை விழுந்தால் வசனம் ஒன்றும் கேட்காது. ஈரக்காற்றில் தப்பு தொய்ந்துவிடும் என்பதால் காய்ச்சுவதற்கு வெளியே நெருப்பு மூட்ட இடம் பார்த்து வையுங்கள்.

இடத்துக்கு அலைய வேண்டியதில்லை. கோயில் மண்டபமோ வாசிகசாலையோ போதும். மேடை வேண்டாம், தரையில் ஆடுங்கள், மூன்று பக்கமும் சனம் உட்காரட்டும்.

யாரைக் கூப்பிடுவது என்பதில்தான் கவனம் வேண்டும். இருபத்தைந்து பேருக்கு மேல் போனால் அது திருவிழா. பழைய கூத்து வாத்தியார் ஒருவர், லயத்துப் பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், பக்கத்துச் சிங்களக் கிராமத்தவர் நாலைந்து பேர். சபரகமுவவில் நம் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறித்தான் கிடக்கின்றன. அந்தக் கிராமத்தவருக்குக் கதையை முன்கூட்டியே சொல்லாதீர்கள். பாட்டின் மொழி புரியாதவருக்கு உடம்பு மட்டும் எவ்வளவு சொல்கிறது என்று அறிய இதைவிட நல்ல வழியில்லை. இரு மொழிக்காரரும் சேர்வது நடக்காத காரியமல்ல: பராக்கிரம நிரியெல்லவின் ஜனகரளிய நடமாடும் அரங்கு தமிழ், சிங்கள இளைஞரை ஒரே குழுவாக வைத்து இரு மொழியிலும் நாடகம் போட்டது. இரத்தினபுரி சமன் தேவாலயத்தோடு சேர்ந்த சபரகமுவ நடனத்தில் தவுல் அடிப்பவர் ஒருவர் வந்தால் இன்னும் நல்லது. காலும் தாளமும் பிசகுவதை அவர் உடனே பிடித்துவிடுவார்.

ஆட்டம் முடிந்ததும் பேச்சு. இதில்தான் பல குழுக்கள் கோட்டை விடுகின்றன. தோட்டத் தலைவர் எழுந்து "நல்லாருக்கு" என்றால் போதும், மற்றவர்கள் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆகவே பிள்ளைகள் முதலில், பெண்கள் அடுத்து, பெரியவர்கள் பிறகு, தலைவர் கடைசி. முன்கூட்டியே அவரிடம் மரியாதையாகச் சொல்லிவைத்தால் கோபிக்கமாட்டார்.

அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990இல் வகுத்த முறை இங்கே கைகொடுக்கும். முதலில் மனதில் நின்றதை மட்டும் சொல்ல வேண்டும். பிறகு ஆடியவர் கேட்பார். அதன் பின் பார்த்தவர் கேட்கலாம், ஆனால் கேள்விக்குள் குத்தல் இருக்கக் கூடாது. "எமன் ஏன் இவ்ளோ மெதுவா வாறான்?" என்பது குத்தல், "எமன் வாற வேகத்தை எப்படி முடிவு பண்ணுனீங்க?" என்பது கேள்வி. கடைசியில்தான் அபிப்பிராயம், அதுவும் அனுமதி கேட்டு: "அண்ணே, மதன் எரியிற இடத்தப் பத்தி ஒண்ணு சொல்லலாமா?" வேண்டாம் என்று சொல்ல ஆடியவருக்கு உரிமை உண்டு. ஆனால் அவர் தன் ஆட்டத்துக்கு நியாயம் பேசத் தொடங்கினால் பேச்சை நடத்துபவர் நிறுத்திவிட வேண்டும்.

ஒருவர் கொப்பியில் எழுதட்டும், சொன்னவர் வார்த்தையிலேயே. சின்னப் பிள்ளைகள் எந்த நிமிடத்தில் எழுந்து வெளியே ஓடினார்கள் என்பதையும் குறியுங்கள். அவர்கள் பொய் சொல்லத் தெரியாத விமர்சகர்கள். போனில் வீடியோ எடுக்க விடாதீர்கள். விடியுமுன் அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும்.

பிளேன்டீ கொடுத்து அனுப்பிவிட்டு, அன்றிரவே எதையும் மாற்றாதீர்கள். மறுநாள் கொப்பியைப் பாருங்கள். மூன்று பேர் தனித்தனியாக ஒரே இடத்தைச் சொல்லியிருந்தால் அங்கே கை வையுங்கள். ஒருவர் மட்டும் சத்தமாகச் சொன்னதை ஓரமாக வையுங்கள். திருத்திய காட்சியை இரண்டு வாரத்தில் தோட்டத்தின் வேறு டிவிசனில், முதல் ஆட்டம் பார்க்காதவர்களுக்குக் காட்டி, அதே கேள்விகளைக் கேளுங்கள்.