புகைக் குழாயும் பொறியின் ஆற்றலும்

மோட்டார் எஞ்சினைப் பற்றிப் பேசுவோர், உள்ளே செல்லும் பெட்ரோலையும் காற்றையும் பற்றியே பெரிதும் பேசுவர். எரிந்து முடிந்த புகை வெளியேறும் வழியை எண்ணிப் பார்ப்போர் சிலரே. புகை கழிவுப் பொருள்தானே, எவ்வழியாயினும் போகட்டும் என்பது பொதுவான கருத்து. ஆயின், வெளியேறும் புகை தனக்குப் பின் வரும் புகையை இழுத்துச் செல்லும் வலிமையுடையது. அவ்வலிமை பயன்படுவதும் பாழாவதும் குழாயின் அளவைப் பொறுத்தன. பாரம் இழுக்கும் லாரிக்குப் புதுக் குழாய் வாங்குவோரும் செய்வோரும் அறிய வேண்டிய இவ்வுண்மையை ஈண்டுச் சுருக்கமாக விளக்குவாம்.

எடுத்துக்காட்டாக ஓர் எஞ்சினைக் கொள்வோம். அமெரிக்காவின் செவர்லே நிறுவனம் 1955ஆம் ஆண்டில் சிறிய வகை வி-8 எஞ்சினை வெளியிட்டது. அது பின்னர் 350 கன அங்குலம், அதாவது 5.7 லிட்டர், கொள்ளளவுடையதாய் வளர்ந்து, அந்நாட்டுப் பிக்கப் லாரிகளை நெடுங்காலம் செலுத்திற்று. அதன் இருபுறத்தும் நந்நான்கு சிலிண்டர்கள் உள. ஒவ்வொரு புறத்திலும் நான்கு சிலிண்டர்களின் புகையும் மேனிபோல்டு எனப்படும் குட்டையான வார்ப்பிரும்புக் கூட்டினுள் விழுந்து, ஒரே வாய் வழியாகக் கீழிறங்கும். இம்மேனிபோல்டு மலிவானது, உறுதியானது, ஓசையையும் அடக்குவது. எனினும் அதற்கு ஒரு பெருங்குறை உண்டு.

அவ்வெஞ்சினின் சிலிண்டர்கள் 1, 8, 4, 3, 6, 5, 7, 2 என்னும் வரிசையில் எரிகின்றன. கிராங்குத் தண்டு இருமுறை சுற்றுவதற்குள், அதாவது 720 பாகைக்குள், எட்டும் ஒவ்வொரு முறை எரிவதால், 90 பாகைக்கு ஒன்று எரிகின்றது. முழு எஞ்சினை நோக்கின் இது சீரான தாளமே. ஆனால் ஒற்றை எண்களையுடைய இடப்புறத்தை மட்டும் நோக்குக. 1-க்குப் பின் 3 எரிய 270 பாகையும், 3-க்குப் பின் 5 எரிய 180 பாகையும் இடைவெளி உண்டு. 5-க்குப் பின் 7 எரிய 90 பாகையே உண்டு. புகை வால்வோ 180 பாகைக்கு மேலும் திறந்திருப்பது. ஆதலின் ஐந்தாம் சிலிண்டர் தன் புகையை முற்றும் விடுமுன்பே, ஏழாம் சிலிண்டரின் புகை வேகத்தோடு புறப்பட்டு அதன் வாயிலை அடைக்கின்றது. வலப்புறத்தில் 8-க்கும் 4-க்கும் இதுவே நிலை. செய்யுளில் ஓரிடத்தில் தளை தட்டினால் அடி முழுவதும் ஓசை கெடுவது போன்றது இது.

இக்குறையைப் போக்க எழுந்ததே ஹெட்டர் என்னும் அமைப்பு. இதில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி எஃகுக் குழாய் உண்டு. நான்கும் சிறிது தொலைவு சென்று ஒரு கூட்டுக் குழாயில் சேரும். இதனால் விளையும் நன்மை இரண்டு. ஒன்று, விரைந்தோடும் புகைத் திரள் தன் பின்னே அழுத்தக் குறைவை உண்டாக்கி, எஞ்சியதை இழுக்கும். மற்றொன்று, வால்வு திறந்தவுடன் எழும் அழுத்த அலை, சூடான புகையினூடே விநாடிக்கு 500 மீட்டருக்கு மேற்பட்ட விரைவில் ஓடி, குழாய் விரியும் இடத்தில் அழுத்தக் குறைவுள்ள அலையாகத் திரும்பி வரும். புகை வால்வு மூடவும் உள்வால்வு திறக்கவும் தொடங்கும் வேளையில் அது வந்து சேருமாயின், பழம்புகை நீங்கிப் புதுக் கலவை எளிதில் உட்புகும். நீண்ட குழாயில் அவ்வலை தாமதித்து வருவதால், அதன் பயன் எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது கிட்டும்; குறுகிய குழாயில் மிக விரைந்து சுழலும்போது கிட்டும். பாரம் ஏற்றி மேடேறும் லாரிக்கு வேண்டுவது முன்னதே. குட்டைக் குழாய்கள் பூட்டுவதற்கு எளியவை எனினும், தரும் பயன் சிறிதே.

இனி, குழாயின் அகலம். பெரிய குழாயே நல்லது என்று எண்ணுவோர் பலர். கணக்கிட்டுப் பார்ப்போம். 0.065 அங்குலத் தகட்டாலான 1 5/8 அங்குலக் குழாயின் உட்பரப்பு ஏறத்தாழ 1.76 சதுர அங்குலம். 1 7/8 அங்குலக் குழாயினது 2.39. கால் அங்குலம் கூட்டியதால் பரப்பு மூன்றிலொரு பங்குக்கு மேல் கூடிற்று. எனவே அதே புகை செல்லும் வேகம் கால் பங்குக்கு மேல் குறைந்தது. வேகம் குறைந்தால் இழுவையும் குறையும். பந்தய வண்டிக்குப் பொருந்தும் அப்பெருங்குழாயைப் பாரவண்டியில் பூட்டினால், ஓசை மிகும்; மேட்டிலே வலி குன்றும். நாம் கூறிய 5.7 லிட்டர் எஞ்சின் சாதாரண லாரியில் உழைக்க 1 5/8 அங்குலமே பெரும்பாலும் போதுமானது. நான்கை முதலில் இரண்டாகவும், இரண்டைப் பின் ஒன்றாகவும் சேர்க்கும் முறையும் மெதுவான சுழற்சிக்கு ஏற்றது. அவ்வாறு சேர்க்கையில் 5-ஐயும் 7-ஐயும் ஒரே கிளையில் இணைத்தல் ஆகாது.

தாமே செய்ய முற்படுவோர் கவனிக்க வேண்டியன சில. எஞ்சினோடு பொருந்தும் பிளேஞ்சுத் தகடு 3/8 அங்குலத் தடிப்புடையதாதல் நன்று. மெல்லிய தகடு வெப்பத்தில் கோணி, கேஸ்கெட்டின் வழியே புகை கசியும். தகட்டைத் தடித்த எஃகுப் பலகையில் முடுக்கியபின், குழாய்களை முதலில் ஆங்காங்கே புள்ளியாகப் பற்றவைத்து, வண்டியில் பொருத்திப் பார்த்து, ஸ்டியரிங் தண்டு, ஸ்டார்ட்டர் மோட்டார், பிரேக் குழாய், ஸ்பார்க் பிளக் ஆகியவற்றுக்கு இடமிருப்பதை உறுதி செய்த பின்னரே முழுவதும் பற்றவைத்தல் வேண்டும். வளைவில் குழாய் நசுங்கலாகாது. 304 வகைத் துருப்பிடியா எஃகு 500 பாகை சென்டிகிரேடு சூடேறினால் மீட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் நீளும். மென் எஃகு அத்துணை நீளாது. அந்நீட்சிக்கு இடம் வையாத குழாய் விரைவில் வெடிக்கும். துத்தநாகம் பூசிய குழாயைப் பற்றவைத்தால் எழும் ஆவி, செய்பவனுக்கு நோய் விளைவிக்கும், அதனை விலக்குக.

கசிவைச் சிறு குறை என்று கருதுதல் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. வண்டியறையுள் புகுந்தால் ஓட்டுநர் அறியுமுன்பே உயிரைக் கவரும். புகையின் நஞ்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை அகற்றிவிட்டு ஹெட்டர் பூட்டுதல் அமெரிக்கச் சட்டத்துக்கு மாறானது. கலிபோர்னியா மாநிலத்தில், புகைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு அம்மாநிலக் காற்று வள வாரியத்தின் ஆணை எண் பெற்ற ஹெட்டர்களையே பூட்டலாம். பிறர் மூச்சைக் கெடுத்துப் பெறும் வலிமை வலிமையன்று.

ஆகவே, குழாய் தேர்வோன் முதலில் கேட்க வேண்டிய வினா, எது பெரிது என்பதன்று. என் வண்டி செய்யும் வேலை யாது, அதன் எஞ்சின் எந்தச் சுழற்சியில் உழைக்கின்றது என்பதே. அகன்ற வழி எளிதென்று கண்டு அதில் நுழைவோர் வாழ்க்கையில் மட்டுமன்று, பட்டறையிலும் ஏமாறுவர். வேலைக்கேற்ற அளவை அறிந்து அமைத்த குழாய், தான் கழிக்கும் புகையைக் கொண்டே பாரத்தை மேட்டின்மேல் ஏற்றித் தரும்.