பேணி அடுப்பு: ஒரு கழிவுத் தகரத்தில் தகனமும் வெப்ப இடமாற்றமும்



தகனம், வெப்ப இடமாற்றம், உலோகங்கள் ஆகிய மூன்றையும் நீங்கள் தனித்தனி அலகுகளாகப் படித்திருப்பீர்கள். ஒவ்வொன்றிலும் தனியே வினா வந்தால் பெரும்பாலானோர் எழுதிவிடுவர். மூன்றும் ஒரே அமைப்புக் கட்டுரை வினாவில் கலந்து வரும்போதுதான் பேனை நின்றுவிடுகின்றது. ஆகவே இப்பாடத்தில் மூன்றையும் ஒரு பால்மாப் பேணிக்குள் போட்டுப் பார்ப்போம். வீட்டில் எறியக் கிடக்கும் பேணி, நாலைந்து கம்பித் துண்டுகள், ஒரு சிரட்டை ஆகியன போதும்.

இது சாரணர் பாசறையில் மட்டும் பயன்படும் விளையாட்டு என்று எண்ண வேண்டாம். 1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டிற்கு மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய், பற்றரி முதலிய பல பொருள்கள் தடைசெய்யப்பட்டன அல்லது மட்டுப்படுத்தப்பட்டன. ஜாம் போத்தலில் சிறிதளவு மண்ணெண்ணெயும் ஒரு திரியும் இட்டு எரித்த விளக்கில்தான் அக்காலப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, பாடசாலை வளவுகளிலும் கோயில் வீதிகளிலும் மர நிழல்களிலும் கிடைத்ததை வைத்தே உலை ஏற்றப்பட்டது. 2006 ஓகத்தில் ஏ-9 பாதை மூடப்பட்டபோதும், 2022 இல் எரிவாயுவிற்கு நாடு முழுவதும் மக்கள் வரிசையில் நின்றபோதும் பலர் விறகடுப்பிற்குத் திரும்பினர். உங்கள் அம்மம்மாவிடம் கேட்டால் இப்பாடத்தின் பாதியை அவரே சொல்லித் தருவார். காரணங்களை நாங்கள் சேர்த்துக்கொள்வோம்.

மூன்று கல் அடுப்பில் நடப்பது என்ன?

தகனம் நிகழ எரிபொருள், ஒட்சிசன், எரிபற்று வெப்பநிலை ஆகிய மூன்றும் வேண்டும். திறந்த வெளியில் மூன்று கற்களை வைத்து எரிக்கும்போது ஒட்சிசனுக்குக் குறைவில்லை. ஆயினும் சுற்றிலும் இருந்து குளிர்ந்த வளி தாராளமாகப் புகுந்து சுவாலையைக் குளிர்விக்கின்றது. அத்துடன் வெப்பத்தின் பெரும்பகுதி கதிர்வீசலால் பக்கங்களுக்குச் சிதறுகின்றது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் சுவாலை சட்டியின் அடியில் நிற்காமல் பக்கவாட்டில் சரிவதை நீங்களே கண்டிருப்பீர்கள். எரிந்த விறகு தந்த வெப்பத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே நீரைச் சென்றடைகின்றது எனக் கொள்வது மிகையன்று.

பேணி அடுப்பு இக்குறையைத் தீர்க்கும் வழி எளிது. சுவாலையைச் சுற்றி ஒரு சுவர் எழுப்பப்படுகின்றது. வளி கீழே மட்டும் புகுகின்றது. சூடான வாயு அடர்த்தி குறைந்து மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கீழிருந்து புதிய வளி இழுக்கப்படுகின்றது. இதுவே மேற்காவுகை. ஒரு குட்டிப் புகைபோக்கி என்றே இதனைக் கருதலாம். இலங்கையில் 1980 களில் உருவாக்கப்பட்ட அனகி என்னும் மண் அடுப்பும், ஐக்கிய அமெரிக்காவில் லாரி வினியார்ஸ்கி வடிவமைத்த றொக்கற் அடுப்பும் சுவாலையை அடைத்து வளியை நெறிப்படுத்தும் இதே கருத்தில் அமைந்தவை.

செய்முறை

விட்டம் 15 சென்ரிமீற்றரும் உயரம் 20 சென்ரிமீற்றரும் அளவான பேணி ஒன்றை எடுங்கள். அதன் மூடியை நீக்கிவிட்டு ஈர மணலை இறுக நிரப்புங்கள். வெறும் பேணியில் ஆணி அடித்தால் தகரம் உள்நோக்கி நெளியும். மணல் உட்பக்கத்தில் தாங்கி நிற்பதால் துளை சுத்தமாக விழும். (இந்தச் சிறு உத்தி தெரியாமல் இரண்டு மூன்று பேணிகளை நசுக்கியவர்கள் அனேகர்.)

அடியிலிருந்து 3 சென்ரிமீற்றர் உயரத்தில் எதிரெதிராக ஐந்து சோடித் துளைகள் இட்டு, மணலைக் கொட்டியபின் ஐந்து இரும்புக் கம்பிகளை ஊடாகச் செலுத்துங்கள். விறகு இக்கம்பித் தட்டின்மேல் கிடக்கும். சாம்பல் கீழே விழும். அதே அடிப்பகுதியில் 8 சென்ரிமீற்றர் அகலமும் 9 சென்ரிமீற்றர் உயரமும் உள்ள ஒரு வாயிலைத் தகரம் வெட்டும் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். வாயிலின் மேற்பகுதி விறகு தள்ளுவதற்கு, கம்பித் தட்டிற்குக் கீழான பகுதி வளி புகுவதற்கு. வெட்டிய விளிம்பைக் குறட்டால் உள்நோக்கி மடித்து நசுக்கிவிடுங்கள். தகர விளிம்பு கத்தியிலும் கூரியது. கை வெட்டுப்பட்டால் கழுவித் துடைத்துவிட்டு இருந்துவிடாமல், ஏற்பு ஊசி பற்றி வைத்தியசாலையில் கேளுங்கள்.

இனி மேல் விளிம்பு. பலர் தவறுவது இங்கேதான். சட்டியை விளிம்பின்மேல் நேரே வைத்தால் வெந்த வாயு வெளியேற வழியில்லை. வாயு வெளியேறாவிடின் வளி உட்புகாது, நெருப்பு அணையும். எனவே விளிம்பில் மூன்று இடங்களில் தகரத்தை மடித்தோ கம்பியை வளைத்தோ சட்டியை ஏறத்தாழ ஒன்றரைச் சென்ரிமீற்றர் உயர்த்துங்கள். இடைவெளி நான்கு ஐந்து சென்ரிமீற்றர் ஆகிவிட்டால் சூடான வாயு சட்டியைத் தொடாமலே போய்விடும்.

இன்னும் ஒரு படி முன்னேற விரும்புவோர் இப்பேணியை அதனிலும் பெரிய தகரம் ஒன்றினுள் வைத்து, இடைவெளியைச் சாம்பலால் நிரப்பலாம். வெளித்தகரத்திலும் வாயிலுக்கு நேரே ஒரு வழி வெட்டவேண்டும். சாம்பல் துகள்களிடையே அடைபட்ட வளி அரிதிற் கடத்தி ஆகையால் சுவர் வழியே இழக்கப்படும் வெப்பம் குறையும், உட்புறம் கூடிய வெப்பநிலையை அடையும், புகையும் எரிந்துவிடும்.

மூட்டுவதற்குப் பன்னாடையும் காய்ந்த ஓலையும் உகந்தவை. எரிப்பதற்குக் கங்குமட்டை, ஊமல், சிரட்டை, பொச்சு ஆகியவை. துண்டுகள் பெருவிரல் தடிப்பில் இருக்கட்டும். மெல்லிய துண்டின் மேற்பரப்பு கூடியது என்பதால் விரைவில் எரிபற்று வெப்பநிலையை அடையும். சொப்பிங் பையைத் திணித்து மூட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதன் புகை உணவிலும் படியும், சுவாசப்பையிலும் படியும்.

சட்டியின் வெளிப்புறம் கரி படிவதால் வெப்பத்தை உறிஞ்சும் திறன் குறையாது. கறுப்பு மேற்பரப்பு கதிர்வீசலை நன்கு உறிஞ்சும். ஆனால் தடித்த படையாகக் கரி சேர்ந்தால் அது கடத்தலைத் தடுக்கும். சமைக்க முன் சட்டியின் அடியில் சாம்பலைக் குழைத்துப் பூசும் வழக்கம் கழுவுவதை எளிதாக்கும் பொருட்டே.

எவ்வளவு விறகு மிச்சம்?

ஒரு லீற்றர் நீரை 30°செ இலிருந்து 100°செ இற்குச் சூடாக்குவோம். நீரின் தன்வெப்பக் கொள்ளளவு ஒரு கிலோகிராமிற்கு, ஒரு பாகைக்கு 4200 யூல்.

தேவையான வெப்பம் = 1 × 4200 × 70 = 294 000 யூல் = 294 கிலோயூல்.

உலர்ந்த விறகு ஒரு கிலோகிராம் எரியும்போது 16 000 கிலோயூல் கிடைக்கின்றது எனக் கொள்க. மூன்று கல் அடுப்பின் வினைத்திறன் 10% எனின், எரிபொருளிலிருந்து 2940 கிலோயூல் பெறப்படவேண்டும். அதாவது ஏறத்தாழ 184 கிராம் விறகு. பேணி அடுப்பின் வினைத்திறன் 20% எனின் 92 கிராம் போதும். ஒரு குடும்பம் நாளொன்றிற்கு ஐந்து லீற்றர் நீரைக் கொதிக்கவைத்தால் மிச்சமாகும் விறகு ஏறத்தாழ 460 கிராம். விறகு பொறுக்குபவர் யார் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த எண் சிறியதன்று.

இங்கு ஓர் எச்சரிக்கை. வினைத்திறன் வினாவில் தரப்பட்டிருந்தால் மாத்திரமே அதனைப் பயன்படுத்துங்கள். அலகு எழுதாத விடைக்குப் புள்ளி குறையும்.

எந்தத் தகரம் ஆகும், எது ஆகாது?

"தகரப்பேணி தகரத்தால் ஆனது" என எழுதுவது பொதுவான பிழை. பால்மாப் பேணி இரும்பால் (உருக்கால்) ஆனது. துருப்பிடியாமல் இருக்க அதன்மேல் வெள்ளீயம் மெல்லிதாகப் பூசப்பட்டிருக்கும். வெள்ளீயம் 232°செ இல் உருகிவிடும். அதனால் சில தடவை எரித்தபின் பூச்சுக் கெட்டு, பேணி கறல் பிடிக்கத் தொடங்கும். இரும்பின் உருகுநிலை 1538°செ ஆகையால் விறகு நெருப்பில் பேணி உருகாது. ஆனால் மென்பானப் பேணி பெரும்பாலும் அலுமினியம். அதன் உருகுநிலை 660°செ. நல்ல நெருப்பில் அது இளகி ஒழுகும். பழைய ஒலிபெருக்கியில் உள்ள காந்தத்தைப் பிடித்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிடின் அடுப்பிற்கு வேண்டாம்.

காந்தம் ஒட்டுவது மட்டும் போதாது. கூரைத் தகடு, வாளி முதலியன நாகம் பூசிய இரும்பு. காந்தம் அவற்றிலும் ஒட்டும். மேற்பரப்பில் பளிங்குப் பூப்போன்ற கோலம் தெரிந்தால் அது நாகப் பூச்சு. நாகம் 420°செ இல் உருகி, மேலும் வெப்பமேறின் ஆவியாகி நாகவொட்சைட்டுப் புகையைத் தரும். அதனைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் காய்ச்சலும் நடுக்கமும் உண்டாகும். கிருமிநாசினி, தீந்தை, தார் இருந்த தகரங்கள் எவ்வளவு கழுவினாலும் ஆகா. மூடி திறவாத பேணியையும், வாசனைத் திரவியம் விசிறும் பேணியையும் ஒருபோதும் நெருப்பருகே வைக்கவேண்டாம். உள்ளிருக்கும் வாயு விரிந்து வெடிக்கும்.

கற்களிலும் கவனம் வேண்டும். எங்கள் மண்ணில் கிடைப்பது சுண்ணாம்புக்கல். கிணற்றடியிலோ கடற்கரையிலோ எடுத்த ஈரக் கல்லை நெருப்பில் வைத்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் கல் வெடித்துத் தெறிக்கலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது இது. பேணியை உங்கள் வீட்டுக் குசினியிலிருந்தோ தெரிந்த கடையிலிருந்தோ மட்டும் எடுங்கள். பற்றை வளவிலும் கைவிடப்பட்ட காணியிலும் பழைய இரும்பு தேடவேண்டாம். குடாநாட்டில் 2002 ஆம் ஆண்டு தொடக்கம் கலோ நிறுவனம் கண்ணிவெடி அகற்றி வந்துள்ளது. முகமாலைப் பகுதி நாட்டின் மிகப் பெரிய கண்ணிவெடி நிலங்களுள் ஒன்றாக இருந்தது. வெடிக்காத எறிகணை கறல் பிடித்தபின் சாதாரணக் குழாய் போலவே தோன்றும். இனங்காண முடியாத உலோகப் பொருளைக் கண்டால் தொடாதீர்கள், உதையாதீர்கள், கல் எறியாதீர்கள். வந்த தடத்திலேயே திரும்பிச் சென்று பொலிசாருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள். பழக்கமில்லாத நிலத்தில் குழி தோண்டி நெருப்பு மூட்டுவதும் அதே அளவு ஆபத்தானது. புதைந்த வெடிபொருள் சூடேறி வெடிக்கலாம்.

அகப்பையும் இடுக்கியும்

பாதிச் சிரட்டையின் தும்பை உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டி வழுவழுப்பாக்குங்கள். விளிம்பிற்குச் சற்றுக் கீழே எதிரெதிராக இரண்டு துளைகளைச் சுட்ட கம்பியால் இடுங்கள். ஒரு முனை ஒடுங்கிய தடியை இரண்டினூடும் இறுகச் செலுத்தினால் அகப்பை தயார். தடிக்குப் பூவரசு நல்லது. அலரி, கள்ளி ஆகியவற்றின் தடிகளை உணவில் படும் எதற்கும் பயன்படுத்தக் கூடாது, அவை நஞ்சு. சிரட்டையும் மரமும் அரிதிற் கடத்திகள். உலோகக் கரண்டியால் கை சுடுவதும் அகப்பையால் சுடாதிருப்பதும் இதனாலேயே. சட்டி இறக்கும் இடுக்கிக்கு, முற்றிய மூங்கிலைப் பிளந்து நடுவில் சூடுகாட்டி வளைத்தால் போதும்.

மாதிரி வினா

"பேணி அடுப்பின் வாயில் முழுவதையும் விறகால் அடைத்தபோது கரும்புகை தோன்றியது. காரணம் கூறுக."

"விறகு ஈரமாக இருந்தமையால்" என்பது விடையன்று. விறகு ஈரம் என வினாவில் கூறப்படவில்லை. பொருத்தமான விடை: வாயில் அடைபட்டதால் உட்செல்லும் வளி குறைந்தது. ஒட்சிசன் போதாமையால் குறைதகனம் நிகழ்ந்தது. எரியாத காபன் துணிக்கைகள் கரும்புகையாக வெளியேறின. காபனோரொட்சைட்டும் உண்டாகும் எனக் குறிப்பிட்டால் விடை மேலும் நிறைவுபெறும். நிறமும் மணமும் அற்ற இவ்வாயு குருதியில் ஈமோகுளோபினுடன் இணைந்து ஒட்சிசன் கடத்தப்படுவதைத் தடுக்கும். மழை நாளில் அடுப்பை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்திவிட்டுச் சமைப்பது உயிராபத்தானது என்பதற்குக் காரணமும் இதுவே.

பயிற்சி

1. பேணி அடுப்பில் கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல் ஆகிய ஒவ்வொன்றும் நிகழும் இடத்தைப் பெயரிட்ட படமொன்றில் காட்டுக.

2. கம்பித் தட்டு இல்லாமல் விறகைப் பேணியின் அடியிலேயே வைத்தால் தகனத்திற்கு யாது நேரிடும்? விளக்குக.

3. இரண்டு லீற்றர் நீரை 28°செ இலிருந்து கொதிக்கவைக்க, 20% வினைத்திறனுடைய அடுப்பில் எத்தனை கிராம் விறகு தேவைப்படும்? (ஒரு கிலோகிராம் விறகு 16 000 கிலோயூல் தரும் எனக் கொள்க.)

4. உங்களிடம் ஒரு மென்பானப் பேணி, ஒரு பழைய நாகம் பூசிய வாளி, ஒரு பால்மாப் பேணி ஆகிய மூன்றும் உள்ளன. அடுப்பிற்கு எதனைத் தெரிவுசெய்வீர்? மற்றைய இரண்டையும் தவிர்ப்பதற்கான காரணத்தை உருகுநிலையுடன் தொடர்புபடுத்தி எழுதுக.