மலாக்கா மாநகர்: குடும்பத்தோடு கண்டு கற்போம்



பள்ளி விடுமுறை வருந்தோறும், 'பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்லலாம்?' என்னும் வினா நம் இல்லங்களில் எழுகின்றது. கடற்கரைக்கும் கடைத்தொகுதிக்கும் செல்வதில் தவறில்லை. ஆயினும், களிப்போடு கல்வியையும் சேர்த்துத் தரும் இடம் ஒன்று உண்டாயின், அதனை முதற்கண் நாடுவதே அறிவுடைமையாகும். தீபகற்ப மலேசியாவின் தென்பகுதியில், நீரிணையின் கரையில் அமைந்துள்ள மலாக்கா அத்தகைய நகராகும். பரப்பளவில் அது சிறியது. அதன் பழைய பகுதியை ஒரே நாளில் நடந்தே கண்டு முடிக்கலாம். வரலாற்றிலோ அது மிகப் பெரியது. 2008ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் யுனெஸ்கோ நிறுவனம் மலாக்காவையும் பினாங்கின் ஜார்ஜ் டவுனையும் உலக மரபுடைமைத் தலங்களாக ஏற்றுக்கொண்டது.

அரும்பொருட்காட்சியகம் என்றால், பழம்பொருள்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கிவைத்த இடம் என்றே பலரும் எண்ணுகின்றனர். விரைந்து நடந்து, படம் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுகின்றனர். அவ்வாறு காண்பதனால் பயன் சிறிதே. ஒவ்வொரு பொருளின் முன்னும் நின்று, 'இஃது எவ்வாறு எஞ்சியது? இதனைக் காத்தவர் யார்?' என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். இவ்வினாவைத் துணையாகக் கொண்டு மலாக்காவைச் சுற்றி வருவோம்.

காற்று வளர்த்த நகர்

ஏறத்தாழ 1400ஆம் ஆண்டளவில் பரமேஸ்வரா என்னும் இளவரசர் இந்நகரை நிறுவினார். மீனவர் வாழ்ந்த சிற்றூர் சில பத்தாண்டுகளில் உலகறிந்த துறைமுகமாயிற்று. இதற்குக் காரணம் என்ன? பருவக்காற்றே முதற்காரணம். வடகிழக்குப் பருவக்காற்று சீன நாட்டுக் கப்பல்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தது. தென்மேற்குப் பருவக்காற்று இந்தியக் கப்பல்களைக் கொண்டுவந்தது. பாய்மரக் கப்பல் காற்றை எதிர்த்து எளிதில் திரும்ப இயலாது. ஆதலால், காற்றின் திசை மாறும்வரை வணிகர்கள் பல திங்கள் இங்கேயே காத்திருந்தனர்.

சோழமண்டலக் கரையிலிருந்து, சிறப்பாகப் பழவேற்காட்டிலிருந்து, பருத்தித் துணி வந்தது. மலுக்குத் தீவுகளிலிருந்து கிராம்பும், பண்டாத் தீவுகளிலிருந்து சாதிக்காயும் வந்தன. வணிகரைக் கவனிக்க ஷாபந்தர் எனப்படும் துறைமுக அதிகாரிகள் நால்வர் இருந்தனர். 1512 முதல் 1515 வரை இங்கு வாழ்ந்த தோமே பிரெஸ் என்னும் போர்த்துக்கீசியர், இத்துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாக எழுதியுள்ளார்.

காத்திருந்த வணிகருட் சிலர் இங்கேயே மணம் புரிந்து குடியமர்ந்தனர். சீனர் வழியில் பாபா நியோஞா சமூகமும், தமிழர் வழியில் மலாக்காச் செட்டி சமூகமும் தோன்றிய வரலாறு இதுவே. இதனை நினைவில் நிறுத்திக்கொண்டு நகருக்குள் செல்வோம்.

கோட்டை வாயில்

1511ஆம் ஆண்டு அல்புகெர்க் தலைமையில் வந்த போர்த்துக்கீசியர் மலாக்காவைக் கைப்பற்றினர். உடனே அ ஃபமோசா என்னும் கோட்டையை எழுப்பினர். அரச கல்லறைகளையும் பள்ளிவாசலையும் இடித்த கற்களே அதற்குப் பயன்பட்டன. 1641இல் டச்சுக்காரர் இக்கோட்டையை வென்றனர். இன்று நாம் காணும் சந்தியாகு வாயிலின் மேலே டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினியின் சின்னமும் 1670 என்னும் ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. பிள்ளைகள் அவ்வெண்ணைத் தாமே தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

பெருங்கோட்டையில் ஒரு வாயில் மட்டும் எஞ்சியது ஏன்? ஐரோப்பியப் போர்களின் காரணமாக 1795 முதல் மலாக்கா ஆங்கிலேயர் பொறுப்பில் இருந்தது. நகரை மீண்டும் டச்சுக்காரரிடம் ஒப்படைக்க நேர்ந்தால், கோட்டை தமக்கு எதிராகப் பயன்படும் என்று ஆங்கிலேயர் அஞ்சினர். ஆகவே, 1807இல் அதனை வெடிமருந்து வைத்துத் தகர்க்கத் தொடங்கினர். 1808இல் இங்கு வந்த ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸின் தலையீட்டால் இவ்வாயில் தப்பியது.

இவ்வழிவைச் சிறுவனாக இருந்து கண்டவர் முன்ஷி அப்துல்லா. மலாய் உரைநடையின் முன்னோடியாகப் போற்றப்படும் இவர் மலாக்காவில் பிறந்தவர். அரபு, தமிழ் மரபினர். இளமையில் தமிழும் கற்றவர். தாம் கண்டதைத் தம் வரலாற்று நூலில் எழுதிவைத்தார். கல் அழிந்தது, எழுத்து நின்றது.

2006ஆம் ஆண்டில் மற்றொரு வியப்பு நிகழ்ந்தது. சுழலும் கோபுரம் ஒன்றை அமைக்க நிலத்தைத் தோண்டியபோது, மிடல்பர்க் என்னும் பழைய கொத்தளத்தின் அடித்தளம் வெளிப்பட்டது. கோபுரத்தை வேறிடத்திற்கு மாற்றிக் கொத்தளத்தைக் காத்தனர். அவ்வாறு இடம் மாறிய கோபுரமே 110 மீட்டர் உயரமுடைய தாமிங் சாரி கோபுரம். சுழன்றவாறே மேலெழும் அதன் கூண்டிலிருந்து நகரையும் நீரிணையையும் ஒருங்கே காணலாம்.

குன்றும் அரண்மனையும்

வாயிலின் பின்னே படிகள் ஏறினால் செயின்ட் பால் குன்றை அடையலாம். 1521இல் போர்த்துக்கீசியர் அங்கே ஒரு சிறு தேவாலயம் கட்டினர். புனித பிரான்சிஸ் சேவியரின் உடல் 1553இல் கோவாவிற்குக் கொண்டுசெல்லப்படுமுன் இங்கேதான் வைக்கப்பட்டிருந்தது. கீழே புதிய தேவாலயம் 1753இல் எழுந்தபின், டச்சுக்காரர் மேலிருந்த ஆலயத்தில் வழிபடுவதை நிறுத்தி, அதனை இடுகாடாக்கினர். இன்று அது கூரையின்றி நிற்கின்றது. சுவரோரம் சாய்த்து நிறுத்தப்பட்ட கல்லறைக் கற்களிலுள்ள எழுத்துகளைப் பிள்ளைகள் படித்துப் பார்க்கலாம். பயன்பாடு நின்றால் கட்டடத்திற்கு என்ன நேரும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

குன்றின் அடியில் மலாக்காச் சுல்தானிய அரண்மனைக் காட்சியகம் உள்ளது. உண்மை அரண்மனை மரத்தாலானது. அதன் தடயம் எதுவும் நிலைக்கவில்லை. 'செஜாரா மெலாயு' என்னும் மலாய் வரலாற்று நூலில் அமைந்த வருணனையைக் கொண்டு, 1980களில் இம்மர மாளிகையை மீண்டும் அமைத்தனர். ஒரு நூல் காக்கப்பட்டமையால் ஓர் அரண்மனை திரும்பக் கிடைத்தது என்று பிள்ளைகளுக்கு எடுத்துரைக்க வேண்டும். ஹங் துவா முதலிய வீரர்களின் கதைகள் இங்கே காட்சிகளாக விளங்குகின்றன.

அருகில் சுதந்திரப் பிரகடன நினைவகம் இருக்கிறது. ஆங்கிலேயர் கூடிக் களித்த பழைய மன்றக் கட்டடமே இன்று விடுதலை வரலாற்றைக் கூறுகின்றது. இதன் எதிரேயுள்ள திடலில்தான் 1956ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள், நாடு விடுதலை பெறவிருக்கும் நாளைத் துங்கு அப்துல் ரஹ்மான் மக்களுக்கு அறிவித்தார்.

கப்பலும் சதுக்கமும்

சிறுவர் பெரிதும் விரும்புவது கடல்சார் காட்சியகமே. ஏனெனில் அது கப்பல் வடிவிலேயே அமைந்துள்ளது. ஃப்ளோர் டி லா மார் என்னும் போர்த்துக்கீசியக் கப்பலின் மாதிரி அது. மலாக்காவில் கொள்ளையிட்ட செல்வங்களை ஏற்றிச் சென்ற அக்கப்பல், 1511ஆம் ஆண்டின் இறுதியில் சுமத்திராக் கரையருகே புயலில் சிக்கி மூழ்கியது. மேல்தளத்தில் நின்று, 'இங்கிருந்து சென்ற செல்வம் எவர்க்கும் பயன்படாமற் போயிற்றே' என்று எண்ணிப்பார்ப்பதும் ஒரு பாடமே.

அங்கிருந்து சிறிது தொலைவில் செந்நிறக் கட்டடங்கள் சூழ்ந்த சதுக்கம் உள்ளது. 1650ஆம் ஆண்டளவில் டச்சு ஆளுநருக்காகக் கட்டப்பட்ட ஸ்டாட்ஹைஸ் மாளிகையில் வரலாறு, இனவியல் காட்சியகம் அமைந்துள்ளது. மணவறைகள், உடைகள், உழவுக் கருவிகள் ஆகியவற்றைக் கண்டு, பல இனத்தாரின் வாழ்க்கையைப் பிள்ளைகள் ஒப்பிடலாம். பக்கத்திலுள்ள கிறிஸ்து தேவாலயத்தின் கூரை உத்தரங்கள் ஒவ்வொன்றும் ஒட்டில்லாத ஒரே மரத்தால் ஆனவை. அண்ணாந்து பார்க்க மறவாதீர்கள்.

ஆற்றைக் கடந்தால் பழைய தெருக்கள். ஜாலான் துன் டான் செங் லொக்கில் உள்ள பாபா நியோஞா மரபுடைமைக் காட்சியகம், ஒரு செல்வக் குடும்பம் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இல்லமாகும். தோட்டப்புற மாணவர்கள் இங்கே மற்றொரு செய்தியையும் அறிதல் நன்று. மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான் என்னும் பாபா வணிகரே 1896இல் புக்கிட் லிந்தாங்கில் இரப்பரை வணிகப் பயிராக முதன்முதலில் நட்டவர். நம் பாட்டனும் பாட்டியும் பால்வாளி சுமந்த வாழ்க்கைக்குத் தொடக்கம் இம்மண்ணிலும் உண்டு.

அருகருகே மூன்று வழிபாட்டிடங்கள்

அடுத்து நாம் காண வேண்டியவை சில நிமிட நடையில் அமைந்துள்ள மூன்று வழிபாட்டிடங்கள். ஜாலான் துக்காங் எமாஸில் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் உள்ளது. டச்சு ஆட்சியினர் செட்டி சமூகத் தலைவருக்கு அளித்த நிலத்தில் 1781இல் எழுந்த இவ்வாலயம், நாட்டின் மிகப் பழைய இந்து ஆலயங்களுள் ஒன்றாகும். அதனையடுத்து, இந்திய முஸ்லிம் வணிகர்கள் 1748இல் நிறுவிய கம்போங் கிளிங் பள்ளிவாசல் உள்ளது. அதன் கூரை அடுக்கடுக்காகக் கூம்பிச் செல்லும். சற்று அப்பால் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த செங் ஹூன் தெங் சீனர் ஆலயம் உள்ளது. மூன்றிலும் இன்றும் வழிபாடு நிகழ்கின்றது. அதனாலேயே இவை பொலிவோடு விளங்குகின்றன. குன்றின் மேலுள்ள கூரையற்ற ஆலயத்தோடு இவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள்.

காஜா பெராங் செட்டிக் கிராமம்

பயணிகளுட் பலர் காணாது திரும்பும் இடம் காஜா பெராங்கிலுள்ள செட்டிக் கிராமம். தமிழ்ப் பள்ளி மாணவர்களோ இதனைக் காணாமல் திரும்புதல் கூடாது. இங்குள்ள சிறு காட்சியகத்தில் பாத்திரங்கள், அணிகலன்கள், மண உடைகள், பழம் படங்கள் ஆகியன வைக்கப்பட்டுள்ளன. 1822இல் எழுந்த ஸ்ரீ முத்து மாரியம்மன் ஆலயமும் இப்பகுதியிலேயே உள்ளது.

சுல்தான்கள் காலத்திலேயே வந்து குடியமர்ந்த தமிழ் வணிகரின் வழித்தோன்றல்கள் இம்மக்கள். சைவ நெறியை விடாது போற்றி வருகின்றனர். பொங்கலுக்கு முந்தைய நாளில், வாழையிலையில் உணவு படைத்து முன்னோரை வழிபடுகின்றனர். அதனைப் போகி பார்ச்சு என்பர். பழங்கள் விளையும் பருவத்தில் மற்றொரு படையலும் உண்டு. பெண்டிர் மரபுவழி அணிவது கெபாயாவும் கைலியும். வீட்டில் பேசும் மொழி மலாயைத் தழுவியது. தமிழ்ச் சொற்கள் சில அதனூடே வாழ்கின்றன.

ஆம், மாணவர்களே! சமயம் நின்றது; பொங்கல் நின்றது; தமிழ்ப் பேச்சு நிற்கவில்லை. இதற்காக அவர்களைக் குறை கூறுதல் நமக்குத் தகாது. தமிழகத்தோடு தொடர்பு அறுந்து, தமிழ்ப் பள்ளியும் இல்லாதிருந்த நூற்றாண்டுகளில், எண்ணிக்கையில் மிகச் சிறிய ஒரு சமூகம் இத்துணை மரபைக் காத்து நின்றதே பெருஞ்சாதனை. அவர்களை வணங்கத்தான் வேண்டும்.

நம் நிலை வேறு. 1816இல் பினாங்கில் முதல் தமிழ் வகுப்பு தொடங்கிய நாள்தொட்டு, இந்நாட்டில் தமிழ்க் கல்விக்கு வழி உண்டு. நமக்குப் பள்ளி உண்டு, நூல் உண்டு, ஆசிரியர் உண்டு. இவ்வளவும் இருந்தும் வீட்டில் தமிழ் பேசாதொழிவோமாயின், பழி எவரைச் சாரும்? கோட்டையைத் தகர்க்க வெடிமருந்து வேண்டியிருந்தது. மொழிக்கு அதுவும் வேண்டுவதில்லை, பேசாதிருந்தாலே போதும். வீடு திரும்பும் பேருந்தில் பெற்றோரும் பிள்ளைகளும் இதனைக் கலந்து பேசுவார்களாயின், பயணச் செலவு வீண்போகாது.

செல்வோர் கவனத்திற்கு

1. குன்றையும் வாயிலையும் காலையிலேயே கண்டுவிடுங்கள். உச்சி வெயிலில் காட்சியகங்களுக்குள் இருங்கள். மாலையில் ஆற்றுப் படகில் செல்லலாம். அஃது ஏறத்தாழ முக்கால் மணிநேரப் பயணம்.

2. ஒரே நாளில் எல்லாக் காட்சியகங்களுக்கும் நுழைந்து பிள்ளைகளைக் களைப்புறச் செய்யாதீர்கள். மூன்று போதும்.

3. குன்று, வாயில், சதுக்கம், பழைய தெருக்கள் ஆகியவற்றைக் காணக் கட்டணம் இல்லை. காட்சியகங்களின் கட்டணத்தையும் விடுமுறை நாளையும் முன்கூட்டியே கேட்டறிந்து செல்லுங்கள்.

4. வழிபாட்டிடங்களில் காலணியைக் கழற்றி, அடக்கமாக நடந்துகொள்ளுங்கள். செட்டிக் கிராமம் மக்கள் வாழும் இடம். கேட்காமல் எவர் வீட்டையும் படம் பிடித்தல் ஆகாது.

5. மறுநாளும் தங்குவோர் ஆயர் கெரோவிலுள்ள விலங்குக் காட்சிச் சாலைக்கும், பல மாநிலங்களின் மரபு வீடுகளைக் கொண்ட பூங்காவிற்கும் செல்லலாம்.

6. குறிப்பேடும் எழுதுகோலும் கொண்டு செல்லுங்கள்.

பயிற்சி

அ. சந்தியாகு வாயிலில் காணப்படும் ஆண்டு யாது? அதனைப் பொறித்தவர் யாவர்?

ஆ. வணிகர்கள் மலாக்காவில் பல திங்கள் தங்கியது ஏன்?

இ. செயின்ட் பால் குன்றின் ஆலயத்தையும் பொய்யாத விநாயகர் ஆலயத்தையும் ஒப்பிட்டு ஐந்து வாக்கியங்கள் எழுதுக.

ஈ. உங்கள் வீட்டிலுள்ள மிகப் பழைய பொருள் எது? அதன் வரலாற்றைப் பாட்டனிடமோ பாட்டியிடமோ தமிழில் கேட்டு, தமிழில் எழுதி, வகுப்பாசிரியரிடம் தருக.