சாரல் ஊருக்கு ஏற்ற ஸ்பீக்கர்

ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை வாட்ஸ் அண்ணாச்சி?" என்பதுதான். 1990-களில் டேப்ரெக்கார்டர் பெட்டி மேலேயே "1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ." என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருப்பார்கள். உள்ளே இருந்த டிரான்ஸ்பார்மரைப் பார்த்தால், தொடர்ந்து பத்து வாட் கொடுக்குமா என்பதே சந்தேகம்! கண நேர உச்சத்தைப் பெருக்கிச் சொல்லும் எண் அது. நண்பர்களே, நாம் பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட். அதற்கும் முன்னால் சென்சிடிவிட்டி.

ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்பதே சென்சிடிவிட்டி. 3 டெசிபல் கூட வேண்டுமென்றால் இரு மடங்கு வாட் தேவை. 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு. ஆகவே 85 டெசிபல் ஸ்பீக்கருக்கு 20 வாட் கொடுத்து வரும் சத்தம், 98 டெசிபல் ஸ்பீக்கரில் ஒரே வாட்டில் வந்துவிடும். அம்மன் கோயில் கொடைக்கு மைக் செட்டுக்காரர் கட்டும் குழாய் ஊரையே எழுப்புவது இதனால்தான். குழாய் வடிவம் சவ்வின் அசைவைக் காற்றுக்கு வீணாக்காமல் கடத்துகிறது. ஆனால் தவிலின் அடிநாதம் அதில் வராது.

இந்தக் குழாய்த் தத்துவத்தை வீட்டு ஸ்பீக்கருக்குள் கொண்டு வந்தவர்களும் உண்டு. மலைக்கு அந்தப் பக்கம் கொச்சியில் ஜேக்கப் ஜார்ஜ் என்ற கட்டடக் கலைஞர் தொடங்கிய 'ரெதம்' அப்படிப்பட்ட நிறுவனம். சில வாட் மட்டுமே தரும் வால்வு ஆம்ப்ளிபயருக்கும் அது போதும். விலை மட்டும் நம்ம பக்கம் வராது.

சரி, கையில் காசு இருக்கிறது, பெரிய ஸ்பீக்கரே வாங்கிவிடலாம் என்கிறீர்களா? முதலில் அறையை அளந்து பாருங்கள். தென்காசியில் ஒரு சாதாரண அறை 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் என்று வையுங்கள். 30 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 349 மீட்டர். அதை நீளத்தின் இரு மடங்கால் (7.3 மீட்டர்) வகுத்தால் 48 ஹெர்ட்ஸ். அகலத்துக்கு 57. உயரமும் அதே 10 அடி என்பதால் அதற்கும் 57! இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, அந்த ஸ்வரம் வரும்போதெல்லாம் அறை 'கும்'மென்று முழங்கும். எத்தனை லட்சம் கொடுத்தாலும் இது போகாது. பெரிய ஊஃபர் வைத்தால் கூடத்தான் செய்யும். பத்தமடைப் பாய் விரித்தாலும் பயனில்லை, பாவம், அது மேல்ஸ்தாயியைக் கொஞ்சம் அடக்கும், அவ்வளவுதான். கனமான இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி மூலையில் நிறுத்தினால் ஓரளவு உதவும். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டடியாவது தள்ளி வைப்பது இன்னும் உதவும். அதற்குச் செலவும் இல்லை. பி.பி.சி. 1970-களில் ஒலிபரப்பு வேனுக்குள் வைப்பதற்காக வடிவமைத்த எல்.எஸ். 3/5ஏ ஒரு சின்னப் பெட்டிதான். இன்றும் அதைத் தேடி வாங்குகிறார்கள். சிறிய அறைக்குச் சிறிய ஸ்பீக்கரே என் கட்சி.

அடுத்தது நம் ஊருக்கே உரிய விஷயம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆரியங்காவுக் கணவாய் வழியே ஈரக்காற்று வருகிறது. குற்றாலத்தில் குளிக்கச் சுகம், ஸ்பீக்கருக்கு வினை. கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பு நுரைப்பஞ்சாக இருந்தால், ஈரம் அதன் பாலியூரித்தேனைச் சிதைத்துவிடும். பத்துப் பதினைந்து வருடத்தில், சில சமயம் அதற்கு முன்பே, தொட்டால் புட்டு மாதிரி உதிரும். ரப்பர் விளிம்பே நமக்கு ஏற்றது. பெட்டி எம்.டி.எஃப். பலகை என்றால், வெட்டிய ஓரத்தில் ஈரம் ஏறி உப்பிவிடும். அடியில் பூச்சு இருக்கிறதா என்று கவிழ்த்துப் பாருங்கள். தரையில் வைக்காமல் ஸ்டாண்டில் வையுங்கள்.

கடையில் எதைக் கேட்பது? 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத்தோடு எஸ். ஜானகி பாடும் பாட்டைப் போடச் சொல்லுங்கள். குரலும் நாதஸ்வரமும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். மட்டமான ட்வீட்டரில் இரண்டும் ஒரே கீச்சாகிவிடும். இன்னொன்று: சத்தம் கூடுதலாக இருப்பதே நல்லது என்று காது ஏமாறும். "ரெண்டையும் ஒரே சத்தத்துல வையுங்க அண்ணாச்சி" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

பழைய ஸ்பீக்கர் வாங்கினால் லேப் மல்டிமீட்டரை மறக்காதீர்கள். 8 ஓம் டிரைவரின் காயில் சுமார் 6 ஓம் காட்டும். முள் அசையவே இல்லை என்றால் காயில் கம்பி அறுந்திருக்கிறது. கூம்பை இரு பக்கமும் விரலால் சமமாக அழுத்தினால் உரசல் சத்தம் கேட்கக் கூடாது. பிறகு ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஊஃபருக்கு ஒரு கணம் தொட்டு எடுங்கள். பேட்டரியின் பிளஸ், ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் பட்டால் கூம்பு வெளியே வர வேண்டும். இரண்டு ஸ்பீக்கரும் ஒரே பக்கம் அசைகிறதா என்று பாருங்கள். ஒன்று வெளியேயும் மற்றது உள்ளேயும் போனால், கீழ்ஸ்தாயி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அப்படியானால் ஒரு ஸ்பீக்கரின் ஒயரை மட்டும் மாற்றிக் கொடுங்கள்.