கழற்றிக் கொடுத்த பம்பர்

கோவை கணபதியில் ஒரு கார் கன்சல்டிங் வாசல். வண்டி பார்க்க வந்தவர் கதவைக்கூடத் திறக்கவில்லை. குனிந்து, சாவிக்கொத்தால் சேஸிஸின் உட்பக்கத்தைச் சுரண்டினார். காய்ந்த செம்மண் கட்டியாக உதிர்ந்தது. "மலையேறுன வண்டியாட்டம் இருக்குதுங்ணா" என்றார். விலை அங்கேயே இறங்கிவிட்டது.

அது தோப்பு மண். பொள்ளாச்சிப் பக்கம் தென்னை வைத்திருக்கும் இதை எழுதுபவர், ஐப்பசி மழையில் வேறு வண்டி உள்ளே இறங்காது என்பதற்காகவே 2021இல் டீசல் தார் ஜீப்பை, நாலு சக்கரத்துக்கும் விசை போகும் ஃபோர் பை ஃபோராக வாங்கினார். தோப்பு உள்ளவர்களுக்கு அது தேவைதான். அந்த முடிவில் அவருக்கு இன்றும் வருத்தமில்லை.

வருத்தமெல்லாம் அடுத்த மாதம் செய்த காரியத்தில்தான். மச்சானின் பேச்சைக் கேட்டு, அகலமான பெரிய டயர், முன்னால் இரும்பு பம்பர், இரண்டு அங்குலம் தூக்கிய சஸ்பென்ஷன் என்று மாட்டினார். அதையும்கூடப் பொறுக்கலாம். கழற்றிய பம்பரையும் நான்கு வீலையும் மாட்டியவரிடமே விட்டுவிட்டு வந்ததுதான் பொறுக்க முடியாதது. "வூட்ல வெச்சா துருப்புடிச்சுப் போகுங்ணா, நானே எடுத்துக்கறேன்" என்று சொல்லி, சொற்பத் தொகையைக் கழித்துக்கொண்டார் அவர். நான்கு வருடம் கழித்துத் திரும்பப் போய்க் கேட்டபோது, எல்லாம் எப்போதோ விற்றுப்போயிருந்தன. அதே வருடத்து வண்டி, ஏறக்குறைய அதே கிலோமீட்டர், கம்பெனியில் இருந்து வந்தபடியே இருந்த இன்னொன்று, அதே வாசலில் இரண்டு லட்சம் கூடுதலாகப் போனது.

வாங்குகிறவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பு விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. இரும்பு பம்பர்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரிலேயே மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது. மாட்டிக் கொடுப்பவர்கள் இதை ஒருநாளும் சொல்வதில்லை. இன்னொன்றும் சொல்வதில்லை: டயர் பெரிதானால் ஒரு சுற்றுக்கு வண்டி கூடுதல் தூரம் போகும், மீட்டரோ பழைய கணக்கிலேயே ஓடும். ஓடியதைவிடக் குறைவாகக் காட்டும் மீட்டரைப் பார்த்தால் கன்சல்டிங்காரர் சந்தேகப்படாமல் என்ன செய்வார்?

சந்தையும் காலை வாரியது. 2023 ஜனவரியில் பின்சக்கரத்துக்கு மட்டும் விசை போகும் தார் 9.99 லட்சத்தில் தொடங்கியது. 2024 ஆகஸ்டில் ஐந்து கதவு தார் ராக்ஸ் வந்தது. திருப்பூரிலும் ஈரோட்டிலும் அந்தத் தோற்றத்துக்காகவே வாங்கும் குடும்பங்களுக்கு நாலு சக்கர விசை எதற்கு? 2025 செப்டம்பர் 22இல் ஜி.எஸ்.டி. மாறியதும், 1.5 லிட்டர் டீசல் இருசக்கர விசைத் தார் 18 சதவீதத்துக்கு இறங்கியது. பெரிய எஞ்சின் ஃபோர் பை ஃபோர் 40இல் நின்றது. புது வண்டி விலை இறங்கிய பிறகு பழையதுக்கு யார் பழைய விலை தருவார்கள்? விற்பதென்றால் அதற்கு முன்பே விற்றிருக்க வேண்டும். இவர் அக்டோபரில் விற்றார்.

சர்வீஸ் பில், இன்ஷூரன்ஸ், கடன் முடிந்த என்.ஓ.சி. எல்லாம் வழக்கமான சங்கதி. ஒரு ஃபைலில் இருந்தால் போதும்.

நாலு சக்கர விசைக்கு மாற்றும் லீவரை மட்டும் மறக்கக் கூடாது. ஆழியாறில் இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். கெத்துக்காக அந்தத் தார் ரோட்டில் நாலு சக்கர விசை போட்டு, ஃபோர் ஹையில் ஏறுகிறவர்கள் உண்டு. வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறுவேறு தூரம் ஓட வேண்டும். காய்ந்த சாலையில் டயர் வழுக்கிக்கொடுக்காது. முறுக்கு முழுவதும் டிரான்ஸ்ஃபர் கேஸில் இறங்கும். மாதம் ஒருமுறை மண்ணில் நாலு சக்கர விசை போட்டு ஓட்டினால் லீவர் இறுகாது. இவர் தவறாமல் அப்படித்தான் ஓட்டினார். கேஸில் சின்னச் சத்தம்கூட இல்லை. விற்ற அன்று வந்த ஏழு பேரில் ஒருவரும் அந்த லீவரைப் போட்டுப் பார்க்கவில்லை.