ஏட்டுப்படியும் வன்தட்டும்

நுழையும்முன்

நம் முன்னோர் ஓலையில் எழுதினர். நாம் கணினியில் சேர்த்து வைக்கிறோம். இரண்டும் அழியக்கூடியவையே. வீட்டுக் கணினிக்கு ஏற்ற புற வன்தட்டைத் தேர்ந்தெடுக்கும் முறையையும், அதனைக்கொண்டு நம் நினைவுகளைக் காக்கும் வழியையும் இப்பாடத்தில் அறிவோம்.

ஒரு வீட்டின் கதை

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். பெற்றோர் திருவண்ணாமலைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வேலைக்காக வந்தவர்கள். அவர்கள் வீட்டில் பழைய கணினி ஒன்று உள்ளது. பாட்டி பாடிய தாலாட்டின் ஒலிப்பதிவும், இடிக்கப்பட்டுவிட்ட ஊர்வீட்டின் ஒளிப்படங்களும் அதில் இருக்கின்றன. பாட்டி இன்று இல்லை. அந்தத் தாலாட்டு வேறெங்கும் பதிவாகவில்லை. சில நாள்களாகக் கணினியின் உள்ளிருந்து 'டிக் டிக்' என்னும் ஓசை கேட்கிறது. வன்தட்டு பழுதாகத் தொடங்கியதற்கு அது ஓர் அறிகுறியாக இருக்கலாம். இப்போது அவர்கள் என்ன செய்யவேண்டும்?

ஏடு கற்பித்த பாடம்

இதே கவலை நம் முன்னோர்க்கும் இருந்தது. ஓலைச்சுவடியைக் கரையானும் பூச்சியும் அரிக்கும், ஓரம் முறியும், எழுத்துச் சிதையும். ஆகவே, பழைய ஏடு முற்றும் அழியுமுன் புதிய ஓலையில் படியெடுத்தனர். பல இடங்களில் பல படிகள் இருந்தமையாலேயே பழந்தமிழ் நூல்கள் பிழைத்தன. உ. வே. சாமிநாதையர் பல ஊர்களில் ஏடுகளைத் தேடினார். ஓர் ஏட்டில் சிதைந்த சொல்லை மற்றோர் ஏட்டில் கண்டார். அவ்வாறு ஒப்பிட்டுப் புறநானூற்றை 1894ஆம் ஆண்டில் பதிப்பித்தார். ஆயினும், அந்நூலின் 400 பாடல்களுள் 267, 268ஆம் பாடல்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. படி எஞ்சாத பாடலை எவராலும் மீட்க இயலவில்லை.

தேர்ந்தெடுக்கும் முறை

கணினிக்கு வெளியே வைத்து வடத்தால் இணைத்துக்கொள்ளும் சேமிப்புக் கருவியே புற வன்தட்டு. கடைகளில் இதனை எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் என்பர். பெங்களூரு எஸ்.பி. சாலைக் கடைகளுக்குச் செல்லுமுன் நான்கு செய்திகளை அறிந்துகொள்ளுதல் நன்று.

முதலாவது, கொள்ளளவு. கணினியில் உள்ள கோப்புகளின் மொத்த அளவைப் பார்த்து, அதைப்போல் இருமடங்கு வாங்கினால் போதும். ஓர் ஒளிப்படம் 4 மெகாபைட் எனக் கொண்டால், 1 டெராபைட் தட்டில் ஏறத்தாழ 2,50,000 படங்கள் அடங்கும். அத்தட்டை விண்டோஸ் கணினியில் இணைத்தால் 931 ஜிகாபைட் என்றே காட்டும். இது ஏமாற்று அன்று. உற்பத்தியாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகின்றனர். கணினி 1,024 எனும் அளவில் எண்ணுகிறது. ஆனால், மிகப் பெரிய கொள்ளளவைக் குறிப்பிட்டு மிகக் குறைந்த விலைக்கு விற்கப்படுபவை போலியாக இருக்கலாம், எச்சரிக்கை தேவை.

இரண்டாவது, வகை. வன்தட்டினுள் காந்தப்பூச்சுடைய வட்டத் தகடுகள் சுழல்கின்றன. பல கையடக்கத் தட்டுகளில் இச்சுழற்சி நிமிடத்திற்கு 5,400 முறை நிகழும். அதனால், இயங்கும்போது கீழே விழுந்தால் எளிதில் பழுதாகும். எஸ்.எஸ்.டி. என்னும் வகையில் சுழலும் உறுப்பே இல்லை. விரைவும் மிகுதி, விலையும் மிகுதி. ஆனால், மின்தொடர்பின்றி ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தால் அதிலுள்ள பதிவு மங்கக்கூடும். ஆகவே, அடிக்கடி எடுத்துச் செல்ல எஸ்.எஸ்.டி. ஏற்றது, அலமாரியில் வைத்துக் காக்க வன்தட்டு போதுமானது.

மூன்றாவது, இணைப்பு. யூ.எஸ்.பி. 2.0 நொடிக்கு 480 மெகாபிட் வரையும், யூ.எஸ்.பி. 3.0 நொடிக்கு 5 ஜிகாபிட் வரையும் கடத்த வல்லவை. கணினி பழையதாயினும் 3.0 தட்டையே வாங்கலாம், அது 2.0 இணைப்பிலும் மெதுவாக இயங்கும்.

நான்காவது, மின்சாரம். கையடக்கத் தட்டு யூ.எஸ்.பி. வடத்தின் வழியே மின்சாரம் பெறும். மேசைமீது வைக்கும் பெரிய தட்டுக்குத் தனி மின்னிணைப்பு வேண்டும். மின்சாரம் நின்றால் அதன் பதிவும் பாதியில் நிற்கும். வீட்டுப் பயன்பாட்டிற்குக் கையடக்கத் தட்டே எளிது.

வாங்கினால் மட்டும் போதுமா?

பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு. புதிய தட்டுக்குக் கோப்புகளை மாற்றியபின், இடம் மிச்சமாகட்டும் எனக் கணினியில் உள்ளவற்றை அழித்துவிடுகின்றனர். அது படியெடுத்தல் அன்று, இடமாற்றமே. படி அப்போதும் ஒன்றுதான். புதிய தட்டும் ஒருநாள் பழுதாகும். ஆகவே, மூன்று படிகள் வைத்து, அவற்றுள் ஒன்றை வேறிடத்தில் வைக்கவேண்டும் என்பர் வல்லுநர்.

வேறிடம் எதற்கு? 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது 90,000க்கும் மேற்பட்ட நூல்கள் அழிந்தன. வேறிடங்களில் படி இருந்த நூல்களை மீண்டும் சேர்க்க முடிந்தது. படி இல்லாதவை மீளவில்லை.

லிங்கராஜபுரத்துக் குடும்பம் இப்போது செய்யவேண்டியது தெளிவாகிறது. கடைக்குச் செல்லும்வரை காத்திராமல், தாலாட்டை உடனே அம்மாவின் கைப்பேசிக்குப் படியெடுக்கவேண்டும். பிறகு 1 டெராபைட் தட்டு ஒன்றை வாங்கி எல்லாவற்றையும் படியெடுக்கவேண்டும். பொங்கலுக்கு ஊருக்குச் செல்லும்போது மற்றொரு படியை அத்தை வீட்டில் கொடுத்து வைக்கலாம். இரண்டு ஊர்களில் உறவுடையவர்க்கு இது எளிது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் தட்டை இணைத்து, கோப்புகள் திறக்கின்றனவா எனப் பார்த்தல் வேண்டும். அவ்வாறு திறக்கும்போது பாட்டியின் குரலையும் ஒருமுறை கேட்கலாம்.

சொல்லும் பொருளும்

படி – பிரதி
சுவடி – ஓலைகளைக் கோத்த தொகுப்பு
கொள்ளளவு – அடங்கும் அளவு
வடம் – கயிறு. இங்கு இணைப்புக் கம்பி

பயிற்சி

1. படியெடுத்தலுக்கும் இடமாற்றத்திற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. 1 டெராபைட் தட்டு ஏன் 931 ஜிகாபைட் எனக் காட்டுகிறது?
3. 'படி' என்னும் சொல்லை மூன்று வெவ்வேறு பொருள்களில் அமைத்துத் தொடர் எழுதுக.
4. உம் வீட்டில் ஒரே ஒரு படியாக உள்ள ஒளிப்படம், கடிதம், குரற்பதிவு ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க. அதன் வரலாற்றைப் பெரியோரிடம் கேட்டுப் பத்துத் தொடர்களில் எழுதுக. எழுதி முடித்தபின், அதற்கு இரண்டாம் படி எடுத்து வைக்க.